இரண்டு நாள், ஆறு வேளை: கடற்கரைக்குப் போகும் ஜோடிகள் எங்கே, எப்போது சாப்பிடுகிறீர்கள்?

பாதிப்பசி எழுதியது:

வணக்கம். அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி ஞாயிறு மத்தியானம் வரைக்கும் நானும் மனைவியும் கடற்கரைக்குப் போகிறோம். குழந்தை பிறந்தபின் இருவர் மட்டும் போவது இதுதான் முதல் தடவை. அறை எடுத்தாயிற்று, குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வருகிறார், எல்லாம் முடிந்து சண்டை இப்போது சாப்பாட்டில் வந்து நிற்கிறது.

போன தடவை நடந்தது இது. சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு, "நடந்துகொண்டே நல்ல இடமாகப் பார்க்கலாம்" என்று நான்தான் சொன்னேன். முதல் உணவகத்தில் கூட்டம். இரண்டாவதில் இடம் இருந்தது, சனிக்கிழமையும் அதுவுமாக இடம் இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு நகர்ந்தோம். மூன்றாவதன் வாசலில் நின்று மெனு முழுவதையும் படித்துவிட்டு, முதல் இடமே பரவாயில்லை என்று திரும்பினால் அங்கே அடுப்பை அணைத்துவிட்டார்கள். மொத்தம் ஒரு மணி இருபது நிமிடம் நடந்திருக்கிறோம். கடைசியில் அறைக்கு வந்து, அவள் கைப்பையில் கிடந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து ஆளுக்கு ஐந்தாகச் சாப்பிட்டோம், ஒரு வார்த்தை பேசாமல். மீதி ஒன்று இருந்தது. அதை இருவருமே எடுக்கவில்லை.

அதனால் இந்தத் தடவை ஆறு வேளைக்கும் முன்பதிவு செய்துவிட வேண்டும் என்கிறாள். ஆறு வேளையும் மணி பார்த்துச் சாப்பிடுவதற்கு அலுவலகத்திலேயே இருந்துவிடலாமே என்கிறேன் நான். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?


ஜன்னலோரம் எழுதியது:

அந்தப் பதினோராவது பிஸ்கட்டுக்கு என் அஞ்சலி.

நாங்கள் ஒரு தடவை உங்கள் மனைவி சொல்கிற மாதிரி எல்லா வேளைக்கும் பதிவு செய்துவிட்டுப் போனோம். சனிக்கிழமை காலையில் தண்ணீரில் இறங்கியவர்கள் ஏறவே ஒன்றரை ஆகிவிட்டது, குளித்துக் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மூன்று. எழும்போது நாலரை. ஏழு மணிக்கு அடுத்த பதிவு. அந்த இரண்டாவது இடம்தான் நாங்கள் மாதக்கணக்காக ஆசைப்பட்ட இடம். போய் உட்கார்ந்தோம், வயிற்றில் இம்மிகூட இடமில்லை, சர்வர் பக்கத்தில் வந்து நிற்கிறார், ஆளுக்கு ஒரு சூப் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்று அல்லது இரண்டு வேளைக்குப் பதிவு செய்தால் போதும், மீதியைப் பசி முடிவு செய்யட்டும்.


அடுப்படி எழுதியது:

கடலோர உணவகம் ஒன்றின் சமையலறையில் ஒன்பது வருடம் நின்றவன். இப்போது வேறு தொழில், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

வெளியூரிலிருந்து வரும் ஜோடிகள் எல்லாரும் செய்கிற ஒரே தப்பு, அந்தப் பெரிய சாப்பாட்டைச் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வைத்துக்கொள்வது. அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? ஏழே முக்காலிலிருந்து ஒன்பதுக்குள் பாதி ஊர் வந்து உட்காருகிறது. ஆர்டர் சீட்டுகள் கம்பியில் வரிசையாகத் தொங்கும், அடுப்பில் இடம் இருக்காது, சாயங்காலம் நான்கு மணிக்கே துண்டு போட்டு மசாலா தடவி வைத்த மீன்தான் தட்டுக்கு வரும். மீன் இறைச்சி மாதிரி இல்லை, அதில் இணைப்புத் திசு கம்மி, நடுத்துண்டு 63 டிகிரி சூட்டைத் தொட்டாலே வெந்துவிடும். அதற்கு மேல் இரண்டு நிமிடம் அடுப்பில் மறந்துவிட்டால் மரத்தூள்தான். கணவாய் இன்னும் மோசம், ஒன்று இரண்டே நிமிடத்தில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் முக்கால் மணி நேரம் மெதுவாக வேகவிட வேண்டும், நடுவில் எடுத்தால் ரப்பர். நெரிசலான நேரத்தில் அந்த நடு ரப்பர்தான் உங்களுக்கு வரும். சமையல்காரர் கெட்டவர் என்று அர்த்தமில்லை, அவருக்கு இரண்டு கைதான்.

அதே இடத்துக்குச் சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போங்கள். விடியற்காலையில் படகு வரும், ஏலம் நடக்கும், எட்டு ஒன்பது மணிக்குள் சரக்கு எங்களிடம் வந்துவிடும். மத்தியானம் நீங்கள் சாப்பிடுவது அது. ராத்திரி சாப்பிடுவதும் அதே மீன்தான், எட்டு மணி நேரம் பழசாக. மத்தியானம் சமையல்காரருக்கும் கை ஓடும், மனசும் ஓடும், சர்வரும் நின்று பதில் சொல்வார்.

இன்னொன்று. "எது நன்றாக இருக்கும்?" என்று கேட்காதீர்கள். எல்லாமே நன்றாக இருக்கும் என்றுதான் பதில் வரும். "இன்றைக்கு எது வந்தது?" என்று கேளுங்கள். ஒரு பெயர் உடனே வந்தால் அதைச் சொல்லுங்கள். சர்வர் கண்ணை மெனுவுக்குள் ஓட்டித் தேட ஆரம்பித்தால் அன்றைக்கு ஒன்றும் வரவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

மெனு எத்தனை பக்கம் என்று பார்ப்பதும் ஒரு வழிதான். பன்னிரண்டு பக்கத்துக்குக் கடல் உணவு இருந்தால் அத்தனையையும் ஒரே நாளில் எந்தப் படகும் கொண்டு வந்து இறக்காது. பெரும்பகுதி உறைபெட்டியிலிருந்து வருகிறது.


உப்புமூட்டை எழுதியது:

உறைபெட்டி மீன் சாப்பிடுவதற்குக் கடற்கரை வரை போக வேண்டுமா? வீட்டுப் பக்கத்துக் கடையிலேயே கிடைக்குமே. பிரஷ் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுவேன் நான்.


அடுப்படி எழுதியது:

// பிரஷ் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுவேன் //

அண்ணே, அவசரப்படாதீர்கள். பிடித்த சில மணி நேரத்தில் கப்பலிலேயே உறைய வைத்த மீனையும், ஐஸ் பெட்டியில் ஐந்து நாள் படகோடு சுற்றிவிட்டுக் கரைக்கு வந்த "பிரஷ்" மீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். ஆழ்கடலுக்குப் போகிற பெரிய படகுகள் பல நாள் கழித்துத்தான் திரும்பும். அன்றன்றைக்குப் போய்த் திரும்புகிற சின்னப் படகின் மீனுக்குத்தான் நீங்கள் நினைக்கிற பிரஷ் பொருந்தும். அதிலும் கொள்முதல்காரர்கள் நல்லதைப் பொறுக்கிப் பெரிய ஊர்களுக்கும் ஏற்றுமதிக்கும் அனுப்பிவிட்டால் கரையில் இருப்பவனுக்கு மிச்சம்தான் கிடைக்கும். கடல் கண்ணுக்குத் தெரிகிறது என்பதாலேயே தட்டில் இருப்பது அந்தக் கடலிலிருந்து வந்தது என்று ஆகிவிடாது.

புயல் அடித்து இரண்டு நாள் படகு போகாவிட்டால் கதை முடிந்தது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விளக்கு வைத்துப் பிடிக்கிற மீன்பிடியும் படுத்துவிடும், வெளிச்சத்துக்குக் கூடுகிற மத்தி, கணவாயெல்லாம் நிலா வெளிச்சத்தில் சிதறிவிடும். ஜோடிகள் பௌர்ணமி பார்த்துத்தான் வருகிறீர்கள், அது வேறு விஷயம்.

பச்சையாகப் பரிமாறுகிற மீனுக்கு உறைய வைப்பது ஒரு பாதுகாப்பும்கூட. மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைத்தால் மீனில் இருக்கக்கூடிய புழுக்கள் செத்துவிடும். பச்சை மீன் உண்மையிலேயே இன்று காலை பிடித்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் கொஞ்சம் யோசிப்பேன்.


உப்புமூட்டை எழுதியது:

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாற்றம் அடித்தால் எழுந்து வருவேன், அதில் மாற்றமில்லை.


அடுப்படி எழுதியது:

அதில் நானும் உங்கள் கட்சி. மீன் உயிரோடு இருக்கும்போது அதன் உடம்பில் வாசனையே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது, செத்தபின் பாக்டீரியா அதை உடைத்து டிரைமெத்திலமீன் ஆக்குகிறது, நாம் கவிச்சை என்று சொல்வது அதைத்தான். எலுமிச்சை பிழிந்தால் அமிலம் அதைக் கட்டிப்போட்டு ஆவியாக விடாமல் செய்துவிடும், அதனால் வாசனை குறையும். குறையத்தான் குறையும், மீன் வயசு குறையாது. தட்டில் மூன்று துண்டு எலுமிச்சையோடு ஒரு மீன் வந்தால் முதலில் பிழியாமல் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். முழு மீனைக் காட்டுகிற இடமாக இருந்தால் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டும், பழுப்பேறிப் பிசுபிசுவென்று இருக்கக் கூடாது. கண் குழி விழாமல் பளிச்சென்று துருத்திக்கொண்டிருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கக் கூடாது.


பாதிப்பசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மத்தியான யோசனை எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் வீட்டில் சொன்னதும் வந்த முதல் கேள்வி: "அப்போ ராத்திரி கடலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது?" அவள் ஆசைப்படுவது அதற்குத்தான். கடலைப் பார்த்த மேஜைக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டுமாம்.


ரெண்டாங்கப் எழுதியது:

ராத்திரி எந்தக் கடலை?

கிண்டல் செய்யவில்லை. நாங்கள் கல்யாண நாளுக்கு அப்படி ஒரு மேஜையை மூன்று வாரம் முன்பே பிடித்தோம். முன்வரிசை, நடுவில் யாரும் இல்லை, எதிரே கடல். எட்டேகாலுக்குப் போய் உட்கார்ந்தால் எதிரே கறுப்பு. சுத்தக் கறுப்பு. தூரத்தில் இரண்டு படகு விளக்கு, அவ்வளவுதான். கண்ணாடிச் சுவர் வேறு, உள்ளே விளக்கு எரிவதால் அந்தக் கண்ணாடியில் எங்கள் முகமும் பின்மேஜைக்காரர் சாப்பிடுகிறதும்தான் தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் என் வீட்டுக்காரர் மெல்லுகிறதை முன்னாலும் பார்த்தேன், கண்ணாடியிலும் பார்த்தேன்.

சூரியன் மறைந்து அரைமணி நேரத்தில் கடல் காணாமல் போய்விடும், வெப்ப நாடுகளில் அதைவிடச் சீக்கிரம். அந்த மேஜை வேண்டுமென்றால் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் உட்காருங்கள். மறைகிற நேரத்தை அன்றைய தேதிக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரை என்றால் கடலில் சூரியன் மறையாது, முதுகுப் பக்கம் ஊருக்குள் மறையும் என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், கிழக்குக் கரையில் அஸ்தமன மேஜை கேட்டு நின்றவர்களை எனக்குத் தெரியும். (நாங்கள்தான்.)


ஜன்னலோரம் எழுதியது:

ஹாஹா. காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் ஏற ஏறத் தரை சூடாகிக் கடல்காற்று கரைக்கு வரும், பிற்பகலில் உச்சத்தில் இருக்கும். மொட்டைமாடியில் மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்தால் துடைக்கிற தாள் பறக்கும், சூப் ஆறிவிடும், முடி வாய்க்குள் வரும், அப்பளம் மாதிரி எது வந்தாலும் பக்கத்து மேஜைக்குப் போய்விடும். மணல்மேல் மேஜை போடுகிற இடங்களில் பல்லுக்கடியில் நறநறவென்று வருவதும் இதனால்தான். சுவர் ஓரமாக, காற்றுக்கு முதுகைக் கொடுத்து இடம் கேளுங்கள்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

பில் பற்றி யாருமே பேசவில்லை, நான் பேசுகிறேன். என் பெயருக்கு ஏற்ற வேலை.

மெனுவில் எண் போடாமல் "அன்றைய விலை" என்று எழுதியிருக்கும் பாருங்கள், அந்த வரியில்தான் பல தேனிலவுகள் கவிழ்ந்திருக்கின்றன. எங்களுக்கு நடந்தது சொல்கிறேன். ஐஸ் மேல் பரப்பி வைத்திருந்த மீன்களில் ஒன்றைக் கைகாட்டினோம். "நல்ல தேர்வு சார்" என்று சர்வர் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எடை போட்டதை நாங்கள் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை, பக்கத்தில் மனைவி இருக்கும்போது விலை கேட்பது கஞ்சத்தனமாகத் தெரியுமோ என்று எனக்கு ஒரு அசட்டுக் கூச்சம். இரண்டு பேருக்கு ஒரு கிலோ எண்ணூறு கிராம் மீன் வந்தது. பாதியைக்கூடத் தொட முடியவில்லை. பில்லைப் பார்த்ததும் அவள் கேட்டது, "நீங்க முதல்லயே கேட்கலையா?" அவளும் கேட்டிருக்கலாம் என்று நான் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

இப்போது எங்கே போனாலும் மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் கைகாட்டுவது. விலை முழு மீனுக்கா, கிலோவுக்கா, நூறு கிராமுக்கா? (நூறு கிராம் விலையைச் சின்ன எழுத்தில் போட்டு ஏமாற்றுகிற மெனுக்கள் உண்டு.) எடை சுத்தம் செய்வதற்கு முன்னாலா பின்னாலா? சமைக்கிற கூலி தனியா? முழு மீனில் தலை, முள், குடல் போகச் சதை பாதிக்குப் பாதிதான் நிற்கும். நண்டு, சிங்கி இறால் என்றால் மூன்றில் ஒரு பங்கு தேறினாலே பெரிய விஷயம், மீதிக்கு நீங்கள் ஓட்டுக்குக் காசு கொடுக்கிறீர்கள். தராசில் உங்கள் கண் முன்னால் வைக்கச் சொல்லி, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று அடுப்பில் ஏறுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.


அடுப்படி எழுதியது:

கணக்குப்பிள்ளை சொல்வது அத்தனையும் சரி. நண்டு எடுக்கும்போது ஒன்று, அளவைப் பார்க்காமல் கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கனமானதை எடுங்கள். சட்டை உரித்துக் கொஞ்ச நாளான நண்டுக்கு ஓடு பெரிதாக இருக்கும், உள்ளே சதை ஏறியிருக்காது, தண்ணீர்தான் இருக்கும்.

பெரிய மீன் ஆசையும் வேண்டாம். வெப்பக் கடல்களில் பவளப்பாறை ஓரம் திரிகிற பெரிய களவா, ஷீலா மாதிரி மீன்களில் சிகுவாடெரா என்று ஒரு நஞ்சு சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு, அது நுண்ணிய பாசியில் தொடங்கிச் சின்ன மீன் வழியாகப் பெரிய மீனில் போய்ச் சேர்கிறது. சமைத்தாலும் போகாது, ருசியிலும் தெரியாது. இரண்டு பேருக்கு ஒரு சின்ன மீன் போதும். ருசியும் சின்னதில்தான்.


செவ்வந்தி எழுதியது:

உடம்பு விஷயம் வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். போன வருடம் இப்படி ஒரு வார இறுதியில் இவர் மத்தியானம் சூரை மீன் சாப்பிட்டார். முதல் வாயிலேயே "மிளகு காரம் மாதிரி நாக்கில் சுருக்கென்கிறதே" என்றார், மசாலாவாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். எழுந்து கை கழுவுவதற்குள் முகம், கழுத்து எல்லாம் செக்கச் செவேல். காலையில் வெயிலில் கிடந்ததால் வந்தது என்று நான் திட்டிக்கொண்டிருக்கிறேன், அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு படபடக்கிறது என்கிறார். டாக்டரிடம் ஓடினோம்.

ஒவ்வாமை இல்லை, ஹிஸ்டமின் நஞ்சு என்றார். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி மீன்களைப் பிடித்ததும் சரியாக ஐஸில் வைக்காவிட்டால் பாக்டீரியா அதன் சதையில் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடுமாம். பிறகு எவ்வளவு வேகவைத்தாலும், உறைய வைத்தாலும், அது போகாது. சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஒன்றிரண்டு மணிக்குள் முகம் சிவப்பது, தலைவலி, வயிற்றுப்போக்கு என்று வரும். இவருக்கு மருந்து கொடுத்ததும் சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது, மூச்சுத் திணறினால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்றார் டாக்டர். நாக்கில் சுருக்கென்றால் அந்தத் தட்டை அப்படியே தள்ளி வையுங்கள். காசு கொடுத்ததற்காகச் சாப்பிடாதீர்கள், இவர் அதைத்தான் செய்தார்.


இறால்விலக்கு எழுதியது:

எங்கள் வீட்டில் நிஜமான ஒவ்வாமை. மனைவிக்கு இறால், நண்டு, சிங்கி எதுவும் ஆகாது. கடற்கரைக்கு அவளைக் கூட்டிப்போவதே தப்பு என்று மச்சான் கேலி செய்வான், ஆனால் அவளுக்குக் கடல் பிடிக்கும், மீனும் ஆகும்.

உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவோம். "இறால் வேண்டாம்" என்று சொன்னால் பிடிக்காதவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள், "இறால் பட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும்" என்றால்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். இதற்குக் காரணமான புரதம் சூட்டில் உடையாது, அதனால் இறால் பொரித்த அதே எண்ணெயில் மீனைப் போட்டாலே போதும். பொரித்ததை விட்டுவிட்டுத் தனிச் சட்டியில் செய்வதைக் கேட்போம். நண்டு வேகும் ஆவியே சிலருக்குப் பிரச்சினை செய்யும், அதனால் திறந்த அடுப்புப் பக்கத்து மேஜை வேண்டாம் என்போம். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு இதையெல்லாம் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? அடுப்படி சொன்ன மத்தியானக் கட்சியில் நாங்கள் ரொம்ப நாளாக இருக்கிறோம்.


உப்புமூட்டை எழுதியது:

இந்த இழையைப் படித்தபின் கடற்கரையில் தயிர்சாதம்தான் சாப்பிடுவேன் போலிருக்கிறது.


மறுபாதி எழுதியது:

வணக்கம், நான்தான் பாதிப்பசியின் மனைவி. இந்த இழையை ராத்திரி உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். பிஸ்கட் பதினொன்று இல்லை, பன்னிரண்டு. ஒன்றை இவர் பிரிக்கும்போதே வாயில் போட்டுக்கொண்டார்.

இவர் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. கடல் தெரிகிறதா, மீன் பிரஷ்ஷா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். "எங்கே சாப்பிடலாம்?" என்று கேட்டால் "உன் இஷ்டம்" என்பார். நான் ஒரு இடத்தைச் சொல்வேன். "ம்ம்... சரி" என்பார். அந்த "ம்ம்"மில் எல்லாம் இருக்கும். போய் உட்கார்ந்தபின் சாப்பாடு சுமாராக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், தட்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வைப்பார். அதாவது இடம் பார்ப்பதும் நான், அது மோசமாகப் போனால் குற்றவாளியும் நான். அன்றைக்கு ஒரு மணி இருபது நிமிடம் நடந்தது அதற்காகத்தான், இருவரில் யாரும் ஒரு கதவைத் தள்ளி உள்ளே போகத் துணியவில்லை. ஆறு வேளைக்கும் முன்பதிவு கேட்டது அந்தக் கேள்வி ஆறு தடவை வராமல் இருக்கத்தான்.


ரெண்டாங்கப் எழுதியது:

அம்மாடி. இந்த "ம்ம்" எல்லா வீட்டிலும் இருக்கிறதா?


கணக்குப்பிள்ளை எழுதியது:

பாதிப்பசி, நீங்கள் இங்கே வந்து பதில் சொல்லுங்கள் சார். ஓடி ஒளியக் கூடாது.


அடுப்படி எழுதியது:

மறுபாதி அம்மா, பரிமாறுகிற பக்கத்திலிருந்து பார்த்தவன் சொல்கிறேன், மேஜையில் சண்டை போடுகிற ஜோடிகளில் பாதிப்பேர் சாப்பாட்டைப் பற்றிச் சண்டை போடவில்லை, யார் முடிவு செய்தது என்பதைப் பற்றித்தான். ஆறு வேளையையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று. அவருடைய மூன்றில் அவர்தான் இடம் பார்க்க வேண்டும், அவர்தான் போன் செய்து அடுப்பு எத்தனை மணி வரை என்று கேட்க வேண்டும், மோசமாகப் போனால் அவர் தலையில். கடை மூடும் நேரத்தைக் கேட்காதீர்கள், கடைசி ஆர்டர் எப்போது என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம்கூட இருக்கும், அன்றைக்கு உங்களைத் திருப்பி அனுப்பியது அந்த ஒரு மணி நேரம்தான்.

ஞாயிறு காலை மட்டும் யாருடைய பங்கில் வந்தாலும் வெளியே தேடாதீர்கள், அறை எடுத்த இடத்திலேயே சாப்பிடுங்கள். ஆனால் அகல அகலமாக மூடி திறந்து வைத்திருக்கும் பரிமாற்று வரிசையில் கடைசி நேரத்தில் போகாதீர்கள். சூடானது 60 டிகிரிக்கு மேலேயும் குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழேயும் இருந்தால்தான் பாதுகாப்பு, இரண்டுக்கும் நடுவில் வெதுவெதுவென்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைத் தொட வேண்டாம். கடை திறந்த முதல் அரைமணியில் போனால் எல்லாமே புதுசு.


ஜன்னலோரம் எழுதியது:

இணையத்தில் விமர்சனம் பார்ப்பதானால் நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், புதிதாக வந்ததை மேலே வைத்துப் படியுங்கள், போட்டோவில் தேதி பாருங்கள். கடலோர இடங்களில் சீசனுக்குச் சீசன் சமையல்காரர் மாறிவிடுவார். சிலர் பில்லையே போட்டோ எடுத்துப் போட்டிருப்பார்கள், அது தங்கம். அப்புறம் வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுகிற இடத்துக்கு நான் போவதில்லை, அது என் தனிப்பட்ட பிடிவாதம், காரணம் கேட்காதீர்கள்.


பாதிப்பசி எழுதியது:

ஒளியவில்லை சார், "ம்ம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆளுக்கு மூன்று என்று ஒப்புக்கொண்டாயிற்று. சனிக்கிழமை மத்தியானம் என்னுடையது. போய் வந்து எழுதுகிறேன்.


(ஐந்து வாரம் கழித்து)


பாதிப்பசி எழுதியது:

போய் வந்தோம். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

வெள்ளி ராத்திரி அவளுடையது. வண்டி தாமதம், போய்ச் சேரும்போது ஒன்பதரை. கடைசி ஆர்டர் பத்துக்கு என்று அவள் முன்னாடியே கேட்டு வைத்திருந்தாள். கடல் தெரியாத சின்ன இடம், எட்டு மேஜை. சுடச்சுட மீன் சூப், ரொட்டி. பத்தரைக்கு எழுந்துவிட்டோம், யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

சனி மத்தியானம். நான் பதிவு செய்த இடத்துக்குப் பன்னிரண்டரைக்குப் போனோம், எங்களோடு சேர்த்து மூன்றே மேஜை. இன்றைக்கு எது வந்தது என்று கேட்டேன். சர்வர் உள்ளே போய், ஒரு பெரியவரைக் கூட்டிவந்தார், கையில் ஒரு தட்டில் நான்கு கானாங்கெளுத்தி. சின்னதுதான், ஒவ்வொன்றும் கையளவு. முதுகில் அந்தப் பச்சை நீலக் கோடு இன்னும் மங்கவில்லை. நான் செவுளைத் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்கவும் அவரே விரலை விட்டுத் தூக்கிக் காட்டினார், சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு. எடை போடச் சொன்னேன், மொத்தம் எவ்வளவு என்று கேட்டேன். கேட்கும்போது காது சூடாகத்தான் இருந்தது, ஆனால் மறுபாதி மேஜைக்கடியில் என் காலை மெதுவாகத் தட்டினாள், அது பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். உப்பும் எண்ணெயும் மட்டும் தடவி முழுசாகச் சுட்டுத் தந்தார்கள். முதுகில் விரலை வைத்ததும் முள்ளிலிருந்து சதை தானாகக் கழன்று வந்தது. எலுமிச்சையைப் பிழிய மறந்தே போனோம், கடைசியில் அது தட்டில் அப்படியே கிடந்தது.

சனி ராத்திரி அவளுடையது. கடலைப் பார்த்த மேஜைக்கு ஐந்தரைக்குப் பதிவு செய்திருந்தாள். மேற்குக் கரைதான், சரிபார்த்தேன். இருட்டும்வரை இருந்தோம், காபியும் பொரித்த உருளைக்கிழங்கும் மட்டும் சொன்னோம், சர்வர் முகத்தைச் சுளித்தார், நாங்கள் கவலைப்படவில்லை. முழுசாகக் கறுத்ததும் எழுந்து வந்துவிட்டோம்.

எல்லாம் நன்றாகவே போகவில்லை. ஞாயிறு மத்தியானம் என்னுடையது, அது சொதப்பல். முதல் நாள் வெற்றியில் தலைக்கனம் ஏறி, பதிவு செய்யாமல், விசாரிக்காமல், போகிற வழியில் ஒரு பெரிய பலகையைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். கணவாய் சொன்னேன். அடுப்படி அண்ணே, நீங்கள் சொன்ன அந்த நடு ரப்பர் இருக்கிறதே, அது என் கடைவாயில் இன்னும் இருக்கிறது. தட்டைத் தள்ளி வைக்கப் போனேன், எதிரே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இழுத்து வைத்து முழுசையும் மென்று முடித்தேன்.


மறுபாதி எழுதியது:

இருபத்தைந்து நிமிடம் மென்றார். நான் கடிகாரம் பார்த்தேன்.


அடுப்படி எழுதியது:

கானாங்கெளுத்திக்கு முதுகுக்கோடு பார்த்தீர்கள் பாருங்கள், அதை நான் எழுத மறந்துவிட்டேன். கணவாய்க்கு நான் பொறுப்பில்லை.


உப்புமூட்டை எழுதியது:

கைப்பையில் பிஸ்கட் எடுத்துப் போனீர்களா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?


மறுபாதி எழுதியது:

இரண்டு பாக்கெட். ஞாயிறு திரும்பும் வழியில் ஒன்று காலி.